ஆட்டிறைச்சிக் கறி: வறுத்த தூளை மறுபடி வறுக்காதீர்கள்

தீபாவளி வந்தால் இலங்கையில் எங்கள் வன்னியின் மாங்குளம் பக்கத்து ஒழுங்கைகளில் பங்கு இறைச்சியும் வந்துவிடும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை அடித்து, ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரிக் கூறு போடுவார்கள். சமைக்கப் பழகும் பெடியளும் பெட்டையளும் அன்றைக்குத்தான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் பழகின காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் அவர்களும் விடுகிறார்கள். உப்புக் கூடினது, உறைப்புக் குறைந்தது எல்லாம் நாக்கே சொல்லித்தரும், அதை விடுவோம்.

தூளை எண்ணெயில் வதக்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். இந்தியச் சமையல் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வெங்காயம் வதங்கியதும் தூளைக் கொதி எண்ணெயில் கொட்டுகிறார்கள். அங்கே மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பெரும்பாலும் வறுக்காமல் அரைத்தவை. வதக்கினால்தான் பச்சை வாசம் போகும். எங்கள் தூள் அப்படியா? செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் பதம் பார்த்து வறுத்த பிறகுதான் மில்லுக்குக் கொண்டுபோகிறோம். வெந்தயம் கொஞ்சம் கருகினாலே கைக்கும். வறுத்துப் பொடியாக்கின வெந்தயம் கொதி எண்ணெயில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

போன தீபாவளிக்கு அயல்வீட்டுப் பெடியன் சட்டியில் தூளைப் போட்டுக் கிண்டிக்கொண்டு நின்றான். புகை கண்ணை எரித்தது. தூள் கோப்பிக் கறுப்பு.

"என்னடா செய்யிறாய்?"

"பச்சை வாசம் போகவேணும் அன்ரி."

"பச்சை எங்கையடா இருக்கு? அதைத்தான் கொம்மா வைகாசியிலையே வறுத்துப் போட்டாவே!"

அதற்குள் இறைச்சியைப் போட்டுவிட்டான். பிறகு சீனி போட்டான், தேசிப்புளி விட்டான், இன்னொரு தேங்காய் துருவிப் பால் பிழிந்தும் விட்டான். கைப்பு அசையவேயில்லை. கருகல் எண்ணெயில் இறங்கி, அந்த எண்ணெய் இறைச்சித் துண்டு ஒவ்வொன்றிலும் பிடித்துவிட்டால் பிறகு எதை ஊற்றியும் பலனில்லை. இறைச்சி போட முதல் கருகினது தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவுங்கள். நட்டம் ஒரு பிடி வெங்காயம். இறைச்சி விழுந்த பிறகென்றால் நட்டம் ஒரு பங்கு, இன்றைய விலைக்கு!

செய்யவேண்டியது இதுதான். வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை இலை, இஞ்சி, உள்ளி வதங்கியதும் இறைச்சியைப் போட்டுப் பிரட்டி மூடிவிடுங்கள். அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் கொதிக்கும்போது தூளும் உப்பும். கிலோவுக்கு 3 மேசைக்கரண்டித் தூள் தொடங்கப் போதும். கொஞ்சம் பிரட்டி இரண்டாம் தேங்காய்ப்பாலை விடுங்கள். கடைத்தூள் என்றால் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். மல்லி பச்சையாகத் தெரிந்தால் மட்டும் இலேசான சூட்டில் வதக்கலாம்.

கழுவிக் கழுவி எடுப்பது

இறைச்சிக்கு இரண்டு தண்ணி போதும். துணி தோய்க்கவில்லை.

முதற்பாலை அவசரப்பட்டு விடுவது

இறைச்சி அவிய முதல் முதற்பாலை விட்டால், அது அவியும் வரைக்கும் பாலும் கொதிக்கும். பால் திரைந்து எண்ணெய் தனியே மிதக்கும். பிரட்டலுக்கு அந்த எண்ணெய்தான் அழகு, குழம்புக்கு இல்லை. துண்டை அகப்பையால் அமத்திப் பாருங்கள். எலும்பை விட்டுக் கழன்றால் பாலை விடலாம். விறகடுப்பென்றால் முதலில் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டு, தணலில் ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பாலை மரக் கட்டையின் தணல் நின்று எரியும், மூடிவைத்துவிட்டு மறக்கவேண்டாம்.

வெள்ளாட்டுக் கணக்கில் செம்மறியைச் சமைப்பது

இது வெளிநாட்டில் இருந்து கேட்கிற பிள்ளைகளுக்கு. அங்கே கடையில் வாங்குகிற இளம் செம்மறி எங்கள் கிடாயைவிடக் கெதியில் அவியும், கொழுப்பும் கூட. தாளிக்கிற எண்ணெயைப் பாதியாக்குங்கள், முக்கால் மணித்தியாலத்தில் ஒருக்கால் திறந்து பாருங்கள். தொடையைவிட எலும்போடு தோள்பகுதி நல்லது.

தேசிப்புளி

அடுப்பால் இறக்கின பிறகு.