31000-ஐப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

திருகோணமலைக்காரருக்கு 31000 என்றால் தபால் குறியீடு, கடித உறையில் ஊர்ப் பெயரோடு எழுதுவது. ஒரு பெரிய முழுவெண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பழக இது நல்ல எண். ரியூசன் வகுப்புகளில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் எல்லாம் இதற்குள்ளும் இதன் அக்கம்பக்கத்திலும் இருக்கின்றன.

பக்கத்து எண் 31001-ஐ எடுங்கள். ஒற்றை எண், 5-இல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 5 என்பதால் 3-ஆலும் வகுபடாது, 7, 11, 13 எல்லாவற்றுக்கும் மீதி வருகிறது, சரி, முதன்மை எண்தான் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். பொறுமையாக 23 வரை வந்தவரும் அங்கே கைவிட்டால் அதே கதிதான், ஏனென்றால் அடுத்து நிற்கும் 29-ஆல் அது மீதியில்லாமல் போகிறது: 29 × 1069. எதுவரை வகுத்துப் பார்ப்பது? வர்க்கமூலம் வரை. 176-இன் வர்க்கம் 30976, 177-இன் வர்க்கம் 31329, ஆகவே 176-க்கு உட்பட்ட முதன்மை எண்கள் போதும், அவை மொத்தமே 40.

இப்போது 31000. முதலில் 2³ × 5³ × 31 என்று உடைத்து எழுதிவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். காரணிகள் எத்தனை என்று கேட்டால் சுட்டிகளைப் பெருக்கி 9 என்பார்கள், கூட்டி 7 என்பவர்களும் உண்டு. இரண்டும் பிழை. ஒரு காரணியை ஆக்கும்போது 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமலும் விடலாம், மூன்று முறை வரை எடுக்கவும் செய்யலாம், அதாவது நான்கு தெரிவுகள். 5-க்கும் நான்கு, 31-க்கு இரண்டு. 4 × 4 × 2 = 32 காரணிகள்.

அவற்றின் கூட்டுத்தொகை 74880. தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதானால் அது மிகை எண். ஆனால் 74880-ஐ அப்படியே 31000-உடன் ஒப்பிட்டு மிகை எண் என்று சொல்லக்கூடாது, தன்னையும் சேர்த்துக் கூட்டினால் 1-ஐத் தவிர எந்த எண்ணும் மிகையாகிவிடுமே! 31000-ஐக் கழித்தால் 43880, அதுவும் எண்ணைவிடப் பெரிது, ஆகவே மிகை எண்தான். விடை தற்செயலாகச் சரியாக வந்ததால் பிழையான வழி பிழைத்துக்கொள்கிறது. 496-க்குச் செய்து பாருங்கள், தன்னை நீக்கினால் மிச்சக் காரணிகளின் கூட்டுத்தொகை சரியாக 496, அப்படி எண்ணுக்குச் சமமாக வந்தால் நிறைவெண். நீக்க மறந்தால் அதையும் மிகை எண் என்பீர்கள்.

4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆலும் வகுபடும் என்பது இன்னொரு தவறு. 31020-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், 12 மீதி வரும்.

இன்னும் பெரிய எண்களில் கருவியே காலை வாரும். 147573952589676412927, அதாவது 2-இன் 67-ஆம் வலுவில் ஒன்று குறைவு. கணிதவியலாளர் மெர்சென் 1644-இல் இதை முதன்மை என்று பட்டியலில் போட்டார், இன்னொரு கணிதவியலாளர் லூக்கா 1876-இல் இல்லையென்று நிறுவினார், 1903-இல் கணிதவியலாளர் கோல் 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார். இதை எக்செலில் தட்டினால் 15 இலக்கங்கள்தான் தங்கும், கடைசி ஆறும் பூச்சியமாகி, ஒற்றை எண் இரட்டை எண்ணாகிவிடும். தட்டுவதற்கு முன்பே கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் பார்வைக்குச் சரியாக நிற்கும், கணக்குப் போட்டதும் மறுபடி சுருங்கும். பைதன் நிரல்மொழி முழு இலக்கங்களையும் வைத்திருக்கும், ஆனால் அங்கும் / போட்டு வகுக்காமல் % போட்டு மீதியைப் பாருங்கள், / போட்டால் விடை தசமமாகிக் கடைசி இலக்கங்கள் காணாமல் போகும்.