ரெண்டு கிட்ஹப் அக்கவுண்ட், ரெண்டு எஸ்எஸ்ஹெச் கீ: எங்க சொதப்புறோம்?

ஆபீஸுக்கு ஒரு கிட்ஹப் (கோடு சேமிச்சு வைக்கற தளம்) அக்கவுண்ட், சொந்த ப்ராஜெக்டுக்கு இன்னொன்னுன்னு ஒரே லேப்டாப்ல வச்சிருக்கவங்க முதல்ல பண்ற வேலை, இருக்கற பப்ளிக் கீயையே ரெண்டாவது அக்கவுண்ட்லயும் ஒட்டிப் பாக்குறது. (எஸ்எஸ்ஹெச் கீன்றது பாஸ்வேர்டு இல்லாம கிட்ஹப்புக்குள்ள போக உதவுற ஒரு ஃபைல் ஜோடி: பிரைவேட் கீ லேப்டாப்லயே இருக்கும், பப்ளிக் கீய கிட்ஹப்ல ஒட்டுவோம்.) அந்தக் கீ ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னு கிட்ஹப் திருப்பி அனுப்பிடும். ஏன்னா எஸ்எஸ்ஹெச்ல யார் போனாலும் யூசர் பேரு "கிட்" தான், அப்புறம் வந்தது யாருன்னு அது எதை வச்சு கண்டுபிடிக்கும், நீங்க நீட்டுற கீயை வச்சு மட்டும்தான்.

சரி புதுசா போடுவோம்னு கீஜென் (கீ உருவாக்குற கமாண்ட்) ஓட்டினா எந்த ஃபைல்ல சேவ் பண்ணன்னு கேக்கும், நாம பாட்டுக்கு என்ட்டர் தட்டுவோம், ஓவர்ரைட் பண்ணவான்னு கேக்கும், அதுக்கும் ஒய் போடுவோம், பழைய கீ காலி. நானே பண்ணிருக்கேன். பப்ளிக் கீய வச்சு பிரைவேட் கீய திரும்ப எடுக்கவே முடியாது, அதனால ஆரம்பத்துலயே ஃபைலுக்கு தனிப் பேரு குடுத்துடுங்க.

நிஜமான தலைவலி ஏஜென்ட்தான், கீயெல்லாம் மெமரில வச்சுக்கிட்டு கேக்கறப்ப எடுத்து நீட்டுற புரோகிராம். ரெண்டு கீயும் அதுல ஏறியிருந்தா ஒவ்வொன்னா நீட்டும், எது முதல்ல செல்லுபடியாகுதோ அந்த ஆளாவே உள்ள விட்டுடுவாங்க. லாகின் சக்ஸஸ், ஆனா ஆள் மாறாட்டம். பிரைவேட் ரெப்போவ (ப்ராஜெக்டோட கோடு இருக்கற இடம்) க்ளோன் பண்ணா, அதாவது லேப்டாப்புக்கு இறக்கினா, "ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்"னு வரும், ரெப்போ அங்கயேதான் இருக்கும், உள்ள போன ஆளுக்குத்தான் அதைப் பாக்க அனுமதி இல்ல. நான் ஒரு மதியம் முழுக்க யூஆர்எல்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் தேடிட்டு உக்காந்திருந்தேன்.

இதுக்குத்தான் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைல்ல அக்கவுண்டுக்கு ஒரு ஹோஸ்ட் பட்டப்பேரு வைக்கிறது. ஹோஸ்ட்நேம் ரெண்டுக்கும் கிட்ஹப் டாட் காம்தான், எந்தக் கீன்னு சொல்ற ஐடென்டிட்டிஃபைல் வரி மட்டும் வேற வேற. ஆனா நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க. கீழ "ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்"னு ஒரு வரி இல்லன்னா ஏஜென்ட்ல கிடக்கற மத்த கீ முந்திக்க வாய்ப்பு இருக்கு, அப்போ நீங்க கஷ்டப்பட்டு எழுதின கான்ஃபிக் சும்மா அலங்காரம்தான்.

பட்டப்பேரு வச்சாச்சு, பழைய ரெப்போவோட ரிமோட் யூஆர்எல்ல (கிட்ஹப்ல அது எங்க இருக்குங்கற முகவரி) யார் மாத்துவா? அது இன்னும் கிட்ஹப் டாட் காம்னுதான் இருக்கும். செட்-யூஆர்எல் போட்டு மாத்திட்டு, பட்டப்பேர வச்சு எஸ்எஸ்ஹெச் மைனஸ் பெரிய டி ஒருதடவ ஓட்டுங்க, எந்த அக்கவுண்டா உள்ள போறீங்கன்னு பேரோட ஹாய் சொல்லும். (பிரைவேட் கீ ஃபைலுக்கு பெர்மிஷன் 600 வச்சிருங்க, அதாவது நீங்க மட்டும் படிக்கலாம், எழுதலாம்; மத்தவங்களும் படிக்கற மாதிரி இருந்தா எஸ்எஸ்ஹெச் அந்தக் கீய தொடவே தொடாது.)

இன்னொன்னு, கீ சரியா இருந்தா கமிட்டும் (நீங்க சேமிக்கற ஒவ்வொரு மாற்றப் பதிவும்) சரியான பேர்ல போகும்னு நினைக்காதீங்க. கமிட்ல ஏறுறது கிட் கான்ஃபிக்ல இருக்கற யூசர் ஈமெயில், கீக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆபீஸ் ரெப்போ எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, கிட் கான்ஃபிக்ல இன்க்ளூட்இஃப்னு ஒரு நிபந்தனை வச்சு அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஆபீஸ் ஈமெயில் குடுத்துடலாம். ஃபோல்டர் பேருக்கு கடைசில ஸ்லாஷ் போட மறக்காதீங்க, அது இல்லன்னா உள்ள இருக்கற ரெப்போ எதுக்கும் ஒட்டாது, எர்ரரும் காட்டாது.