ஆன்லைன் செஸ் கோச்சிங்: காசு கொடுக்கும் அந்த ஒரு மணி நேரம்

சென்னையில் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்துகொண்டு, நல்ல கோச்சைத் தேடி ஊரின் மறுகோடிக்கு பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை. தனி ஆன்லைன் வகுப்பு போதும். ஆனால் அந்த நேரம் முழுக்கப் பிள்ளை ஆடிய ஆட்டங்களுக்கே போக வேண்டும். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) பாடத்தைக் காசு கொடுத்துக் கேட்பது வீண்.

முதலில் கோச்சின் பெயரை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் தளத்தில் தேடுங்கள். ரேட்டிங் என்பது ஆட்டத் திறமையைக் காட்டும் எண். நீண்ட நேர ஆட்டங்களுக்கான கிளாசிக்கல் ரேட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். லிசெஸ் என்ற இலவச செஸ் தளம் காட்டும் எண் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு ரேட்டிங்கை ஒருமுறை உயர்த்திக் கொடுத்தார்கள்: 1500 இருந்தவர் 1700 ஆனார். குறைந்தபட்ச ரேட்டிங்கும் 1400 ஆனது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு கிராண்ட்மாஸ்டர் தேவையே இல்லை. பொறுமையுள்ள 1800 ரேட்டிங்காரர் போதும்.

டிரையல் வகுப்பில், பிள்ளை தோற்ற ஒரு ஆட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள். "இங்கே ஏன் குதிரையை எடுத்தே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் நல்ல கோச். உடனே என்ஜினை, அதாவது சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமைத் திறந்து, நகர்வு வரிசைகளை அடுக்குபவர் வேண்டாம்.

வகுப்புக்கு முந்தைய வேலைதான் முக்கியம், பலரும் கோட்டைவிடுவதும் இங்கேதான். வாரத்தில் இரண்டு ஆட்டம், ஆளுக்கு 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 10 விநாடியும் வைத்து ஆடச் சொல்லுங்கள். முடிந்த கையோடு, என்ஜின் பார்க்காமல், தடுமாறிய மூன்று இடங்களை நோட்டில் எழுத வேண்டும்: என்ன ஆட நினைத்தேன், எதிராளி என்ன ஆடுவான் என்று பயந்தேன், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம். என்ஜினை முதலில் பார்த்துவிட்டால் பிள்ளைக்குத் தான் யோசித்தது மறந்துபோகும். அந்த யோசனை தெரியாமல் தப்பின் வேரைக் கோச்சால் பிடிக்க முடியாது. பிறகு ஆட்டங்களை லிசெஸ் ஸ்டடியில் (ஆட்டங்களைச் சேமித்துச் சேர்ந்து அலசும் பக்கம்) போட்டு, கோச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் செட்டிங்கில் கம்ப்யூட்டர் அனாலிசிஸை யாருக்கும் இல்லாதபடி அணைத்துவிடுங்கள்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இருவர் மட்டும் பேச கூகுள் மீட் வசதி. வீட்டில் போன் மட்டும்தான் என்றால் கவலை வேண்டாம். சின்னத் திரையில் கண்ணைச் சுருக்குவதைவிட, தரையில் நிஜ போர்டை விரித்து, ஹெட்செட்டில் "யானை டி1" என்று கோச் சொல்வதைக் கேட்டு நகர்த்தினால் நொட்டேஷனும் (நகர்வுகளை எழுதும் முறை) கூடவே படியும். பெரியமேடு கடைகளில் ராஜா 9.5 செ.மீ. உயரமுள்ள டோர்னமென்ட் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். தெருச்சத்தம் அதிகமென்றால் காலை ஆறு மணி வகுப்பைக் கேளுங்கள்.

வகுப்பில் 35 நிமிடம் ஆட்டங்கள், 15 நிமிடம் எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்), மிச்சம் அடுத்த வார வேலை. எண்ட்கேமில் ராஜா-சிப்பாய் அப்போசிஷன் (ராஜாக்கள் இரண்டும் நேருக்கு நேர் நின்று மறிப்பது) முதலில். அது கைவந்த பிறகு யானை எண்ட்கேமில் லூசேனா (ஜெயிக்கும் நிலை), பிலிடோர் (டிரா பிடிக்கும் நிலை). கோச் காட்டினால் போதாது, அவரை எதிர்த்துப் பிள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும், டிரா பிடிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எடுத்துக்கொடுக்கும் அப்பா அம்மா தயவுசெய்து எழுந்து போய்விடுங்கள்.

மவுஸிலேயே ஆடிப் பழகிய பிள்ளை போட்டி நடக்கும் ஹாலில் கிளாக்கை அழுத்த மறக்கும், நகர்வை எழுத மறக்கும். தெருவில் கேரம் கிளப் இருந்தால் ஒரு மூலையில் செஸ் போர்டு போட இடம் கேட்டு, வாரம் ஒருமுறை நேருக்கு நேர் ஆட விடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவாக வைத்து ஆடும் புல்லட் ஆட்டத்தை மட்டும் நிறுத்துங்கள்.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். அதே தப்பு, உதாரணமாக எதிராளியின் செக்கைப் பார்க்காமல் காயைக் கொடுப்பது, திரும்பத் திரும்ப வந்தால் கோச்சிடம் நோட்டைக் காட்டிப் பயிற்சியை மாற்றச் சொல்லுங்கள். அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.