மகரந்த அலர்ஜி: பூந்தொட்டியைத் திட்டுவதில் தொடங்கும் தவறுகள்

தும்மல் வந்ததும் பலர் முதலில் சந்தேகப்படுவது வாசலில் பூத்துக் குலுங்கும் செடியைத்தான். பாவம் அது. பளிச்சென்று பூக்கிற செடிகளின் மகரந்தம் பெரும்பாலும் பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும், தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டு போவதற்கென்றே அமைந்தது, காற்றில் அதிகம் பறக்காது. மூக்கைப் பாடாய்ப் படுத்துவது நாம் பூவென்றே கணக்கில் எடுக்காத புல், களை, சில மரங்கள். தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வேலியோரப் புல்லைப் பூக்க விட்டால் என்ன பலன்?

'இங்கே குளிரே கிடையாதே, இதில் என்ன சீசன்' என்பது அடுத்த தவறு. உறைபனி இல்லாத ஊரில் மரம் ஓய்ந்தால் புல், புல் ஓய்ந்தால் களை என்று மாறி மாறிப் பூக்கும், அதனால் தொல்லை நீளும். சாதாரண ஜலதோஷம் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் போய்விடும். காய்ச்சல் இல்லாமல், கண்ணும் மூக்கும் அரித்து, வாரக்கணக்கில் தண்ணீராக ஒழுகினால் அலர்ஜியாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் விழுங்கிப் பயனில்லை.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமானது, மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடுவது. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகை மருந்துகள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடத்தில் மூச்சைத் திறந்துவிடும். ஆனால் 3 முதல் 5 நாளைத் தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், திரும்பப் போடுவீர்கள், திரும்ப அடைக்கும். நானும் ஒரு காலத்தில் அந்தக் குப்பி இல்லாமல் படுக்கைக்குப் போனதில்லை.

அலர்ஜி வீக்கத்தைக் குறைக்க மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே அப்படியல்ல. முழுப் பலன் தெரிய சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். இரண்டே நாளில் 'வேலை செய்யவில்லை' என்று மூலையில் போட்டுவிடுகிறோம். அடிக்கும் விதமும் தப்பு: தலையை அண்ணாந்து, மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும், மருந்தும் தொண்டைக்கு இறங்கும். தலையை லேசாகக் குனிந்து, இடது கையால் வலது மூக்கிலும் வலது கையால் இடது மூக்கிலும், காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள், அப்புறம் பலமாக உறிஞ்ச வேண்டாம்.

வெளியே சுற்றிவிட்டு அப்படியே படுத்தால் தலைமுடியில் ஒட்டிய மகரந்தம் தலையணைக்கு வந்துவிடும், குளித்துவிட்டுப் படுங்கள். மூக்கைக் கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, கொதிக்க வைத்து ஆறிய நீர்தான். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அது மூக்கோடு நிற்கவில்லை, டாக்டரைப் பாருங்கள்.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டுக்கு முந்தின நாள் வரை செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குத்திய இடம் தடிக்காது, 'உங்களுக்கு அலர்ஜியே இல்லை' என்று ரிப்போர்ட் வரும்.