வங்கதேச வேளாண் நாணயங்கள்: ராணுவ ஆட்சிக் காலத்தவற்றைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1968-இல் தொடங்கிய நாணயத் திட்டத்தில் வங்கதேசமும் சேர்ந்தது. ஏரும் பல்சக்கரமும் பொறித்த 5 பைசா, ‘திட்டமிட்ட குடும்பம், அனைவர்க்கும் உணவு’ என்ற வாசகத்தோடு நால்வர் நிற்கும் 1 டாக்கா (100 பைசா) நாணயம் எல்லாம் அந்த வரிசைதான். சேகரிப்பவர்கள் இவை மொத்தத்தையும் ‘ராணுவ ஆட்சி நாணயம்’ என்று ஒரே உறையில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. ராணுவம் வருவதற்கு முன்பே, பஞ்சம் வாட்டிய 1974-லேயே இவ்வகை நாணயங்கள் வந்துவிட்டன. ஆகவே உருவத்தை விட்டுவிட்டு ஆண்டைப் படியுங்கள்.

ஆண்டு வங்க எண்களில் இருக்கும். தடுமாற்றம் இங்கேதான். வங்க 7 நம் கண்ணுக்கு 9 போலவும், வங்க 4 அப்படியே 8 போலவும் தெரியும். 1974-ஐ 98 என்றும், 1977-ஐ 99 என்றும் படித்து ஏமாந்தவர்கள் நிறைய. முதல் இரண்டு இலக்கம் எப்போதும் 19 என்பதால், பத்து மடங்கு லென்ஸில் கடைசி இரண்டை மட்டும் பாருங்கள்.

பிறகு பிரியுங்கள். 1974 தனி. ஆட்சிக் கவிழ்ப்பு 1975 ஆகஸ்ட் 15-இல் நடந்ததால், 1975 என்று பொறித்தது அதற்கு முன்பா பின்பா வந்தது என்று ஆண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தனி உறை. 1976 முதல் 1978 வரை ஐயமே இல்லாமல் ராணுவச் சட்டக் காலம். 1979 ஏப்ரலில் ராணுவச் சட்டம் விலகியது, 1982 மார்ச் 24-இல் ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைப் பிடித்து அதை மீண்டும் கொண்டுவந்தார், 1986 நவம்பரில் அது மறுபடி விலகியது. எனவே 1983 முதல் 1985 வரை உறுதி. 1979, 1982, 1986 எல்லை ஆண்டுகள். இலிஷ் (ஹில்சா) மீன், கோழி, அன்னாசி, வாழைப்பழம் நான்கும் ஒன்றாக உள்ள 50 பைசா 1977-இல் அறிமுகமானது. ராணுவ ஆட்சியிலேயே பிறந்த வடிவம் வேண்டுமென்றால் அந்த ஆண்டு நாணயத்தையே முதலில் தேடுங்கள்.

5, 10 பைசா அலுமினியம். அமிலம், காரம் இரண்டுமே அதை அரிக்கும். சமையல் சோடாவில் ஊறவைத்தால் மேற்பரப்பு மங்கிவிடும், பிறகு மீட்கவே முடியாது. பிசுக்கு இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. எடுத்ததும் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். பி.வி.சி. (மென் பிளாஸ்டிக்) உறை வேண்டாம்: நாளடைவில் அதிலிருந்து கசியும் பிசுபிசுப்பு உலோகத்தை அரிக்கும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை போதும்.