607002-ஐ உடைத்துப் பார்ப்போம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரின் பின்கோடு 607002. ஊர்க்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? கையாலேயே பகா காரணிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு ரஃப் நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: எல்லை

779×779 = 606841. 780×780 போட்டால் 607002-ஐத் தாண்டிவிடும். அதனால் 779 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை. 779-க்குள் 137 பகா எண்கள் இருக்கின்றன. மலைக்காதீர்கள், இந்த எல்லை சீக்கிரமே சுருங்கும்.

படி 2: வகுத்தல்

கடைசி இலக்கம் 2, ஆகவே இரட்டை எண். பாதி 303501.

இலக்கங்களைக் கூட்டினால் 12. 3-ல் மீதியின்றிப் போகும். ஈவு 101167. இதன் கூட்டுத்தொகை 16, ஆக இன்னொரு 3 கிடையாது. 5-ம் இல்லை. 7-ல் வகுத்தால் மீதி 3.

அடுத்து 11. வலமிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போங்கள்: 7−6+1−1+0−1 = 0. வகுபடும்! ஈவு 9197. எல்லை இப்போது வெறும் 95.

11 மறுபடி போகாது. 13-ல் மீதி 6. 17×541 = 9197, சரியாக உட்கார்ந்துவிட்டது.

541-க்கு எல்லை 23. 17, 19, 23 மூன்றிலும் மீதி வருகிறது; அதற்குக் கீழே உள்ளவற்றை ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆக 541 பகா எண். பகா எண்களின் வரிசையில் சரியாக 100-ஆவது!

607002 = 2×3×11×17×541

கடைசியில் திரும்பப் பெருக்கிச் சரிபாருங்கள். நான் முதல் தடவை 303501-ன் சுழியை விழுங்கி 33501 என்று எழுதிவிட்டேன். 11 போகவில்லை, 13 அழகாகப் போனது. பெருக்கிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

படி 3: கிடைத்ததை வைத்து

ஒவ்வொரு பகா காரணியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். அப்படியானால் 2×2×2×2×2 = 32 வகுத்திகள்.

அவற்றின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகா காரணியிலும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3×4×12×18×542 = 14,04,864. இதில் 607002-ஐக் கழித்தால் 7,97,862. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் எண்ணைவிடப் பெரிதாக வருவதால் இது மிகை எண்.

607002-க்குள், அதனுடன் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஒவ்வொரு பகா காரணியிலும் 1 குறைத்துப் பெருக்குங்கள்: 1×2×10×16×540 = 1,72,800. இரண்டு நாளில் இத்தனை விநாடிகள்தான்! தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் ஆசை விடவில்லை. கடலூர் தலைமை அஞ்சலகத்தின் 607001-ஐ எடுத்தேன். 2 முதல் 97 வரை 25 பகா எண்களும் கைவிரித்துவிட்டன. எல்லை இன்னும் 779-லேயே நிற்கிறது. அடுத்து 101.