ஆம்லெத்தின் கொக்கிகள்: பழங்காலப் பழிக்கதைகளைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு திரைக்கதைப் பட்டறைக்காக என்னிடம் வந்த ஒன்பது பிரதிகளில் நான்கு, கொல்லப்பட்ட தந்தைக்காக இளவரசன் பழிவாங்கும் பழங்கதைகள். ராபர்ட் எக்கர்ஸின் 'தி நார்த்மேன்' (2022) படத்தைப் பார்த்த சூடு நான்கிலும் தெரிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன், அந்தப் படத்துக்கும் மூலமான, ஆம்லெத் என்ற இளவரசனின் டென்மார்க் தொன்மத்தை எடுத்துக்கொண்டு நான் எங்கெங்கே இடறினேனோ, அங்கேயே இந்த நால்வரும் இடறியிருந்தார்கள். வைக்கிங்குகளின் தலையில் கொம்பு வைத்த கவசத்தை மாட்டுவது போன்ற சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது ஒரு கலை இயக்குநரே திருத்திவிடுவார்.

ஹாம்லெட்டையே மூலம் என்று நினைப்பது

பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' என்று தமிழாக்கிய காலத்திலிருந்து, இந்தக் கதை நமக்கு ஷேக்ஸ்பியரின் வழியாகவே பழகியிருக்கிறது. ஷேக்ஸ்பியருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1200ஆம் ஆண்டையொட்டி, சாக்ஸோ கிரமாட்டிகஸ் என்பவர் லத்தீனில் எழுதிய 'கெஸ்டா டானோரம்' என்ற டேனிய வரலாற்று நூலின் மூன்றாம், நான்காம் பாகங்களில் ஆம்லெத்தின் கதை இருக்கிறது. அதில் காதில் ஊற்றப்படும் நஞ்சு இல்லை. கொலையைப் பற்றிய மர்மமும் இல்லை. டென்மார்க்கின் ஒரு பகுதியான யூட்லாந்தை ஆண்ட, ஆம்லெத்தின் தந்தை ஹோர்வெண்டிலை அவனுடைய தம்பி ஃபெங் கொன்றது ஊரறிந்த செய்தி. அண்ணன் தன் மனைவி கெரூதாவைக் கொடுமைப்படுத்தினான், அவளைக் காப்பாற்றவே கொன்றேன் என்று ஃபெங் வெளிப்படையாகவே நியாயம் பேசி, அவளை மணந்தும் கொள்கிறான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹோர்வெண்டில் பேரரசனல்லன், டென்மார்க்கின் அரசன் ரோரிக் அமர்த்திய ஆளுநன், அவனுடைய மருமகன்.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாதவர்கள் துப்பறியும் கதையை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கொலையாளி யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும் ஒரு வீட்டில், கொலையாளியே தன்னைச் சந்தேகத்தோடு கவனிக்கும் நிலையில், கொல்லப்பட்டவனின் மகனான ஒரு சிறுவன் எப்படி உயிரோடு வளர்வான் என்பதுதான் மூலக்கதை எழுப்பும் கேள்வி. அவன் பைத்தியமாக நடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

காத்திருப்பை மாண்டேஜாக (வேகமான துண்டுக் காட்சிகளின் தொகுப்பாக) சுருக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. நான்கு பிரதிகளிலும் தந்தை பத்தாம் பக்கத்துக்குள் சாகிறார். பதினோராம் பக்கத்தில் 'பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு' என்றொரு அட்டை. அதன்பின் தோள் அகன்ற நாயகன் வந்து, மீதமுள்ள நூறு பக்கங்களும் வாளைச் சுழற்றுகிறான். என்னுடைய முதல் பிரதியும் இப்படித்தான் இருந்தது. அதை வாசித்த மூத்த இணை இயக்குநர் ஒருவர், கதை விவாத அறையில் எல்லோர் முன்னிலையிலும், "தம்பி, இவனுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதென்றால் மூன்றாவது சீனிலேயே சித்தப்பாவை வெட்டியிருக்கலாமே, இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் எட்டு மாதம் சண்டைக் காட்சிகளையே செதுக்கிக்கொண்டிருந்தேன். படம் தொடங்கவேயில்லை, வாங்கிய முன்பணத்தைத் தவணை முறையில் திருப்பிக் கொடுத்தேன்.

என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைச் சாக்ஸோ மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆம்லெத் அடுப்படியில், சாம்பலும் அழுக்குமாக உட்கார்ந்து, மரத்தில் கொக்கிகள் செதுக்கி, அவற்றை நெருப்பில் காட்டி இறுக வைத்துக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களிடம், தந்தைக்காகப் பழிவாங்கக் கூரான ஆயுதங்கள் செய்கிறேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கடற்கரையில் கிடந்த கப்பல் சுக்கானைக் காட்டி, எவ்வளவு பெரிய கத்தி பார் என்று அவர்கள் கேலி செய்தபோது, இவ்வளவு பெரிய இறைச்சித் துண்டை அறுக்க இது ஏற்றதுதான் என்று கடலைக் குறிப்பிட்டுச் சொன்னான். அவன் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. கேட்பவர்கள் நம்பாத விதத்தில் உண்மையைச் சொல்கிறான். ஒரு நடிகனுக்கு இதைவிட நல்ல வேடம் எங்கே கிடைக்கும்? இதை மாண்டேஜில் கரைத்துவிட்டு, குதிரை ஓட்டும் பயிற்சியையும் வாள் பயிற்சியையும் காட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

அந்தக் கொக்கிகள் இறுதிவரை வருகின்றன. சித்தப்பா அவனைப் பிரிட்டனுக்கு அனுப்பிக் கொல்லப் பார்க்கிறான். மரப்பலகையில் பொறித்த மடலைத் திருத்தி எழுதித் தப்பிய ஆம்லெத், ஓராண்டு கழித்து, தனக்கே நடக்கும் பொய்யான இறுதிச்சடங்கு விருந்துக்குத் திரும்பி வந்து சேர்கிறான். எல்லோருக்கும் மது ஊற்றுகிறான். குடித்து விழுந்தவர்கள்மேல், கூடத்தின் சுவரில் தொங்கிய திரைச்சீலையை அறுத்துச் சாய்த்து, பல ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய அதே கொக்கிகளால் அவிழ்க்க முடியாதபடி பின்னி, மாளிகைக்குத் தீ வைக்கிறான். எல்லோரும் சிரித்த பொருளே எல்லோரையும் கொல்கிறது. இடைவேளைக்கு முன் விதைத்ததை உச்சக்கட்டத்தில் அறுவடை செய்யும் கலையை நாம் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறோம்.

வாளுக்கும் இதே கதைதான். விருந்தில் வாளை உருவி உருவித் தன் விரலையே வெட்டிக்கொள்வதால், அருகிலிருப்பவர்கள் அதை உறையோடு சேர்த்து ஆணி அடித்துவிடுகிறார்கள். தீ பரவிய பிறகு ஃபெங்கின் படுக்கையறைக்குப் போகும் ஆம்லெத், கட்டிலருகே தொங்கும் வாளை எடுத்துக்கொண்டு, ஆணி அடித்த தன் வாளை அங்கே மாட்டிவிடுகிறான். விழித்தெழுந்த சித்தப்பா உருவ முடியாத வாளோடு போராடியபடியே சாகிறான். அங்கே சண்டையே இல்லை. இல்லாததில்தான் அதன் கொடூரம் இருக்கிறது.

எக்கர்ஸும் ஆண்டுகளைத் தாண்டித்தான் போகிறார், அப்படியானால் அவரும் தவறு செய்தாரா என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். தாண்டினார்; ஆனால் காத்திருப்பைத் தூக்கி எறியவில்லை, வேறிடத்தில் வைத்தார். அவருடைய ஆம்லெத் தன் உடம்பில் தானே சூடு போட்டுக்கொண்டு, அடிமையாக ஐஸ்லாந்துப் பண்ணைக்குள் நுழைந்து, கொல்ல வேண்டியவனின் வீட்டிலேயே வேலை செய்கிறான். பைத்தியத்தின் இடத்தை அடிமைத்தனம் எடுத்துக்கொள்கிறது. இரவில் மட்டுமே உறையிலிருந்து வெளிவரும் வாள் அதில் ஒன்று உண்டு. ஆணி அடித்த வாளின் நிழலாகவே நான் அதைப் பார்க்கிறேன். உச்சக்கட்டத்தில் எரிமலையடிவாரத்தில் நேருக்கு நேர் மோதவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அதற்கு முன்பே அவர் கடனை அடைத்துவிட்டார். கேப்ரியல் ஆக்ஸலின் 'பிரின்ஸ் ஆஃப் யூட்லாந்து' (1994) இதைவிட எளிமையான, வசதி குறைந்த படம். சாக்ஸோவின் தடத்திலேயே நடந்து, கிறிஸ்டியன் பேலைப் பைத்தியமாக நடிக்க விட்டதற்காகவே அதை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

பேய்

'ஹாம்லெட்'டில் வரும் தந்தையின் பேய் சாக்ஸோவிடம் இல்லை. வைத்தே தீர வேண்டுமென்றால் செய்தி சொல்வதைத் தவிர வேறு வேலையும் கொடுங்கள்.

தாய்க்கு ஒரே சாயம் பூசுவது

கெரூதாவை அழும் அபலையாகவோ துணைபோன துரோகியாகவோ எழுதிவிட்டால் வேலை சுலபமாகிவிடுகிறது. சாக்ஸோ அவள் மனதைத் திறந்து காட்டுவதில்லை. ஆனால் மகன் கேட்டுக்கொண்டபடி கூடத்துக்குத் திரைச்சீலை பின்னித் தொங்கவிடுகிறவளும், ஓராண்டு கழித்து அவனுக்குப் பொய்ச் சடங்கு நடத்துகிறவளும் அவள்தான். அதாவது, கொலைக்கருவியின் பாதியைச் செய்தவள் அவள். 16ஆம் நூற்றாண்டில் இக்கதையைப் பிரெஞ்சில் மறுபடி எழுதிய பெல்ஃபொரே, கொலைக்கு முன்பே அவளுக்கும் ஃபெங்குக்கும் உறவிருந்ததாகச் சேர்த்தார். எக்கர்ஸ் இன்னும் மேலே போய், கொலையைக் கேட்டு வாங்கியதே ராணிதான் என்று மகனின் முகத்துக்கு நேரே சொல்ல வைக்கிறார். நிக்கோல் கிட்மன் அதைச் சொல்லும் காட்சியில் படத்தின் எடை முழுவதும் திசை மாறுகிறது. மூலம் மௌனமாக இருக்கும் இடத்தைத் தேடி அங்கே எழுதினால், எதை வேண்டுமானாலும் துணிந்து எழுதலாம்.

ஆடை அணிகலன் ஆராய்ச்சியிலேயே மூழ்குவது

திரைக்கதை முடிந்தபின் செய்யுங்கள்.

பழி தீர்ந்ததும் படத்தை முடிப்பது

தீயோடு முடிக்கிறார்கள், நானும் அப்படித்தான் முடித்தேன். சாக்ஸோவிடம் அது ஏறத்தாழப் பாதிவழிதான். மறுநாள் ஆம்லெத் உடனே வெளியே வருவதில்லை. ஊர்மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியும்வரை ஒளிந்திருக்கிறான். சாம்பலாகிக் கிடக்கும் மாளிகையைச் சுற்றி வந்து நிற்பவர்களில் சிலருக்குத் துயரம், சிலருக்குக் கோபம், சிலருக்கு உள்ளூர மகிழ்ச்சி. பிறகே அவன் வெளியே வந்து நீண்ட உரையாற்றித் தன் செயலுக்கு நியாயம் கேட்கிறான். அவனையே ஆட்சியில் அமர்த்துகிறார்கள். அதற்குப் பிறகு அவன் ஸ்காட்லாந்து அரசி ஹெர்முத்ருடாவை மணக்கிறான். ரோரிக்குக்குப் பின் டென்மார்க்கை ஆண்ட விக்லெக்குடன் போர் மூள்கிறது. போர்க்களத்திலும் உன்னைப் பிரியமாட்டேன் என்று சொன்ன ஹெர்முத்ருடா, ஆம்லெத் அந்தப் போரில் இறந்ததும், தானாகவே முன்வந்து விக்லெக்கின் மனைவியாகிறாள்.

கணவனைக் கொன்றவனையே மணந்த தாயோடு தொடங்கிய கதை, கணவனைக் கொன்றவனையே மணக்கும் மனைவியோடு முடிகிறது. நான் பார்த்த எந்தப் படத்திலும் இந்தக் காட்சி வரவில்லை. பட்டறைக்கு வந்த நான்கு பிரதிகளிலும் இல்லை.